கைப்பிடியைத் திருப்பியது நானில்லை

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, நானே இன்னும் முழுதாக நம்பவில்லை.

நானும் தங்கச்சியின் கணவன் றெஜியும் கடலட்டை பிடிக்கப் போவோம். அவன் சிலிண்டரோடு உள்ளே இறங்குவான், நான் அவன் விடுகிற மூச்சுக் குமிழியைப் பார்த்துப் படகைப் பின்னால் விடுவேன், அவ்வளவுதான் என் வேலை. அன்று போன இடத்தில், கடலடியில் பழைய விமானம் ஒன்றின் எஞ்சின் கிடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து இரட்டைச் சிறகு விமானம், படையில் சேருகிற பொடியன்களுக்கு ஓட்டப் பழக்கியது. மரமும் துணியுமாகச் செய்ததால் மற்றதெல்லாம் உக்கிப்போய்விட்டது.

"அதுக்குக் கிட்டப் போகாதை," என்றேன்.

"அதுக்குக் கீழதான் மச்சான் நல்ல அட்டை," என்று சிரித்துக்கொண்டே குதித்தான்.

கொஞ்ச நேரத்தில் காற்று எழும்பிக் கடல் கலங்கிவிட்டது, குமிழியைக் காணவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கச்சி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். தூரத்தில் குமிழி கொப்பளிப்பதைக் கண்டதும், நீரோட்டம் அவனை இழுத்துப் போய்விட்டது என்று நினைத்து எஞ்சினை முழு வேகத்தில் விட்டேன். பாதி வழியில், படகைத் திருப்ப நான் பிடித்திருந்த எஞ்சின் கைப்பிடி தானாகத் திரும்பியது. தானாக என்றால், என் பலத்துக்கு மேலே இன்னொரு பலம், நான் நேராகப் பிடிக்கிறேன், அது விடவில்லை. படகு சரிந்து விலகியது. அது நேரே போயிருக்க வேண்டிய இடத்தில் றெஜியின் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. விலகாமல் போயிருந்தால் எஞ்சின் விசிறி அவனை வெட்டியிருக்கும்.

"உனக்கென்ன விசரோ?" என்று கத்தினான். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அந்தத் தூரத்துக் குமிழி அவனுடையது இல்லை, யாருடையது என்று இன்றும் தெரியாது.

படகு எஞ்சினைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் ஒரு பிழையும் இல்லை என்றார். பிறகு கொழும்பில் ஒரு கண்காட்சியில் அதே வகை விமானத்தைக் கண்டோம். அங்கே நின்ற வயதான சிங்களவர் தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார்.

"முன்னால மாஸ்டர், பின்னால பழகுற ஆள். ரெண்டு பேருக்கும் தடி இருக்கு. பொடியன் பிழை விட்டா மாஸ்டர் தன்ட தடிய திருப்புவார், பொடியன்ட தடியும் சேர்ந்து திரும்பும்."

அதில் கை பழகிய பிறகுதான் சண்டை விமானத்தைத் தொடவே விடுவார்களாம். அன்று கைப்பிடியைப் பிடித்திருந்த என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். றெஜி என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

இப்போதும் கடலுக்குப் போகிறேன், கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதில்லை. போன கிழமை றெஜி கீரி என்கிற ஊருக்குப் போயிருந்தான், நான் தனியே கரைக்கு வந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில், காற்றில்லை, கண்ணுக்கெட்டிய வரை வேறு படகும் இல்லை. கைப்பிடி மறுபடியும் திரும்பியது. நானும் விட்டுக்கொடுத்தேன். நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்தேன், தண்ணீரில் ஒருவரும் இல்லை. யார்மேல் ஏற்றாமல் விலகினேன் என்பதுதான் தெரியவில்லை.