கேடயம் வாங்காத மயிலாத்தாள்

மலையாள நாட்டின் தமிழ் எல்லையோரத்தில், பெருமாட்டிக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகள் முடிந்து கடலைக்காடுகள் தொடங்கும் இடத்தில் இருந்தது கரட்டுப்பதி. அந்த ஊரில் மயிலாத்தாளைத் தெரியாதவர்கள் கிடையாது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடும் நாட்களில் மேல்மடைக்காரன் யாராவது மண்வெட்டியால் இரண்டு வெட்டு கூடுதலாக வெட்டித் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பினால், அவள் வரப்பில் போய் நின்றுவிடுவாள். வைய மாட்டாள். கெட்ட வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை. "இது நாயமான்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகராமல் நிற்பாள். பெரும்பாலும் மேல்மடைக்காரன் மண்ணை இழுத்துப் போட்டு அடைத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போவான்.

ஆனைமலைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருவது எப்போதாவது ஒரு நாள்தான். இரண்டாம் வகுப்போடு அவளை நிறுத்தி ஆடு மேய்க்க அனுப்பினார்கள். புருஷன் சென்னிமலை ஐந்தாவது படித்தவன், டீக்கடையில் பேப்பர் பார்ப்பான், யாரிடமும் வம்புக்குப் போகாதவன். ஒரே மகள் சின்னத்தாயி. தனக்கு வாய்க்காதது மகளுக்கு வாய்க்கட்டும் என்று மயிலாத்தாள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எவ்வளவு களையெடுப்பு வேலை கிடந்தாலும் பள்ளிக்கூட நாளில் மகளைக் காட்டுக்குக் கூப்பிட்டதும் இல்லை.

ஊரில் இருந்தது நாலாம் வகுப்பு வரைக்குமான தமிழ்ப் பள்ளிக்கூடம். ஓட்டுக் கட்டடம், மூன்று வாத்தியார்கள். அவர்களில் பெரியவரான வேதமுத்து வாத்தியார் எழுபத்து நாலில் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. பல மாதம் கழித்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு மலையாளம் தவிர வேறொன்றும் தெரியாது. அவர் சொன்னது பிள்ளைகளுக்கு விளங்கவில்லை, பிள்ளைகள் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு தன் ஊர்ப் பக்கம் போய்விட்டார். அந்த வருஷமே இன்னொரு டீச்சர் பிரசவ விடுப்பில் போனவர் திரும்பி வரவில்லை. கடைசியில் மிஞ்சியது ஹெட்மாஸ்டர் ஆறுச்சாமி மட்டும். நாலு வகுப்புக்கும் அவர் ஒருவர். கூட்டத்துக்கு வா, உப்புமாவுக்கு ரவை மூட்டை எடுக்க வா என்று ஆபீஸிலிருந்து கூப்பிட்டுவிட்டால் அந்த ஒருவரும் இல்லை. பிள்ளைகள் காலையில் வருவார்கள், சத்தம் போடுவார்கள், மத்தியானம் உப்புமா தின்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். வருஷக் கடைசியில் எல்லாரும் பாஸ்.

எழுபத்தைந்து கடைசியில் ஒரு சாயங்காலம் சொந்தத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. சென்னிமலை வெளியே போயிருந்தான். முகூர்த்தம் எந்த நாள் என்று பார்த்துச் சொல்லும்படி மயிலாத்தாள் மகளிடம் கொடுத்தாள். சின்னத்தாயி அப்போது நாலாம் வகுப்பு. பத்திரிகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி, பாடப் புத்தகத்திலிருந்த ஆட்டுக்குட்டிப் பாட்டைச் சொல்லத் தொடங்கினாள். மயிலாத்தாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் ஆட்டுக்குட்டிப் பாட்டு இருக்காது என்பது தெரியும். பாட்டு முடியும்வரை மகளைத் தடுக்கவில்லை. முடிந்ததும் சின்னத்தாயி தலையைத் தூக்காமல், "எனக்கு வராதும்மா. எங்க கிளாஸ்ல ஆருக்கும் வராது" என்றாள்.

மறுநாளே மயிலாத்தாள் பஸ் ஏறி, அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களைப் பார்க்கும் உபஜில்லாக் கல்வி ஆபீஸுக்குப் போனாள். அதிகாரி கூட்டத்தில் இருந்தார். அடுத்த முறை போனபோது முகாமில் இருந்தார். மூன்றாம் முறை பார்க்க முடிந்தது. தமிழ் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தால் போடலாம் என்றார். பக்கத்து ஊரில் பூமாரி என்றொரு பெண் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளே என்று மயிலாத்தாள் கேட்டாள். அதெல்லாம் முறைப்படிதான் வரவேண்டும் என்று அவர் மணியை அடித்தார். வெளியே வந்தபோது குமாஸ்தா மலையாளத்தில், "நோக்காம், நோக்காம்", பார்க்கலாம் பார்க்கலாம் என்று கையாட்டி வழியனுப்பி வைத்தார்.

அவர்கள் பார்த்தது வேறு மாதிரி இருந்தது.

மார்ச் மாதம் ஆறுச்சாமி வீடு தேடி வந்தார். உபஜில்லாவின் அந்த வருஷத்துச் சாதனைகளைக் கொண்டாட நல்லாம்பதி ஹைஸ்கூலில் பெரிய விழா நடக்கப்போகிறது, விஜயோத்சவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றார். ஒரு பிள்ளைகூடப் படிப்பை நிறுத்தாத பள்ளிக்கூடங்களுக்குக் கேடயம் கொடுக்கிறார்களாம். கரட்டுப்பதிக்கும் ஒன்று உண்டாம். பெற்றோர் சார்பில் ஒரு விவசாயப் பெண் மேடையில் வந்து வாங்கினால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று அதிகாரியே சொன்னாராம்.

"நம்ம பள்ளிக்கூடத்துக்கா?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"ஆமாங்க அம்மிணி. ஒரு கொழந்தைகூட நிக்கலீங்களே. எல்லாம் பாஸ் வேற." சொல்லும்போது ஆறுச்சாமி தொழுவத்து மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மயிலாத்தாள் வருகிறேன் என்றாள். மேடையில் வைத்து அதிகாரியிடம் வாத்தியார் வேண்டும் என்று இன்னொரு தடவை கேட்கலாம், அத்தனை பேர் பார்க்கையில் மணியடித்து அனுப்பிவிட முடியாது என்பதுதான் அவள் கணக்கு. சென்னிமலைக்கு அது பிடிக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலம் அது. எங்கோ டீக்கடையில் ஏதோ பேசியவனைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது என்று வாரத்துக்கு ஒரு கதை ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. குடுத்ததை வாங்கிட்டுக் கம்முனு வந்துரு என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்பினான்.

விழா அன்று வெயில் காலையிலேயே சுட்டது. வாசலில் வாழைமரம், குருத்தோலைத் தோரணம், வர்ணக் காகித வளைவு. பந்தலுக்குள் நாற்காலிகள் பெரியவர்களுக்கு. பிள்ளைகள் வெளியே, ரோட்டின் இரண்டு பக்கமும், கையில் காகிதக் கொடியோடு. விருந்தாளிகளின் கார் வரும்வரை அவர்களை உட்காரவிடவில்லை. கரட்டுப்பதிப் பிள்ளைகளும் அந்த வரிசையில் நின்றார்கள். தண்ணீர்ப் பானை இருந்தது, ஆனால் அது பந்தலுக்குள்ளே இருந்தது. மயிலாத்தாள் போய்ச் சொம்பில் மொண்டு வந்து தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊற்றினாள். ஒரு வாலண்டியர் வந்து வரிசை கலைகிறது என்றான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் பேசாமல் போய்விட்டான்.

கார் வந்தது. கரட்டுப்பதிப் பிள்ளைகள் மேடை ஏறி மலையாளத்தில் வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். ஒரு சொல் தவறவில்லை. சின்னத்தாயி முன்வரிசையில் நின்று வாயை அகலமாகத் திறந்து பாடினாள். இந்தப் பாட்டுக்காக ஆறுச்சாமி இரண்டு வாரம், ஒரு நாள் விடாமல், காலையும் மாலையும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார் என்பது மயிலாத்தாளுக்குத் தெரியும். அர்த்தம் தெரியாத பாட்டைக்கூட இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்கிற பிள்ளைகள் இவர்கள். இவர்களுக்கா படிப்பு வராது? கைதட்டல் பந்தலை அதிரவைத்தது. அவள் கை தட்டவில்லை.

பேச்சுகள் நீண்டன. கல்வி அதிகாரி எழுந்து தன் உபஜில்லா எல்லாவற்றிலும் முன்னால் நிற்பதாகச் சொன்னார். எல்லையோரத்துத் தமிழ்க் குழந்தைகளைக்கூட ஒருவர் விடாமல் பள்ளியில் நிலைநிறுத்தியிருக்கிறோம், கரட்டுப்பதி அதற்கு உதாரணம், அங்குள்ள ஆசிரியர்களின் அர்ப்பணிப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும் என்றார். ஆறுச்சாமி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போட்டோக்காரர் தயாராக நின்றார். அதிகாரி பளபளவென்ற கேடயத்தை நீட்டினார். மயிலாத்தாள் கை கூப்பிக் கும்பிட்டாள். கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. வாங்கு, வாங்கு என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். மைக் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு அடி நகர்ந்து அதன் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, எல்லாருத்துக்கும் கும்பிடுங்க. வாத்தியாருங்க பாடுபட்டாங்கன்னு அய்யா சொன்னாரு. எந்த வாத்தியாருன்னு எனக்குத் தெரியலீங்க. எங்கூருல ரெண்டு வருசமா வாத்தியாரே இல்லீங்க. ஹெட்மாஸ்டர் ஒருத்தரு, நாலு கிளாஸு. எங்க கொழந்தைங்க படிப்பை நிறுத்தலேன்னு சொல்றீங்க. ஆரம்பிச்சாத்தானுங்க நிறுத்தறதுக்கு?"

பாடிவிட்டு இறங்கி மேடைக்குக் கீழே முன்வரிசையில் நின்ற மகளை அவள் பார்த்தாள். இவளைக் கூப்பிட்டு மேடைக்கு மேலே தமிழில் எழுதித் தொங்கவிட்டிருக்கும் துணியை வாசிக்கச் சொன்னால் போதும், வேறு பேச்சே வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது. சின்னத்தாயியின் முகம் வெளுத்துவிட்டது. மயிலாத்தாள் கண்ணை எடுத்துக்கொண்டாள். பிள்ளை செய்த தப்பு இல்லை. பிள்ளை ஏன் தலைகுனிய வேண்டும்?

"இதை நான் வாங்குனா எங்கூருக்கு வாத்தியாரு வேண்டாம்னு நானே சொன்ன மாதிரிங்க. வாத்தியாரைக் குடுங்க. அப்புறம் இதைக் குடுங்க, வாங்கிக்கறேன்."

அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள். அவள் இன்னொரு முறை கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் நின்ற கூட்டத்திலிருந்து இரண்டு மூன்று பேர் கைதட்ட ஆரம்பித்துப் பயந்து நிறுத்திக்கொண்டார்கள்.

வாசலைத் தாண்டுமுன் போலீஸ்காரர் ஒருவர் அவளைக் கூட்டிப்போய் ஸ்கூல் பின்கட்டு அறை ஒன்றில் உட்காரவைத்தார். எந்தக் கட்சி, யார் சொல்லிக்கொடுத்தார்கள், யார் அனுப்பினார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கட்சியெல்லாம் தெரியாது, கடலைக்காட்டுக்காரி, பெருமாட்டிக்குக் கிழக்கே வீடு என்று அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆறுச்சாமியையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த அம்மாள் சொன்னது நிஜமா என்றார்கள். நிஜம்தான், நானும் பலமுறை எழுதியிருக்கிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சாயங்காலம் சென்னிமலை வந்து இனி இப்படி நடக்காது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அவளை விட்டார்கள். வழியில் அவள் அவனிடம் சொன்னாள்: "வாத்தியாரு இல்லாத ஊருக்குக் கேடயம் குடுத்தவனை ஆரும் புடிக்கலீங்க. இல்லைன்னு சொன்னவளைப் புடிச்சு ஒக்கார வெச்சாங்க."

அந்த மாதம் முடிவதற்குள் ஆறுச்சாமிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மலைமேல், அகளிக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கூடம். உண்மை சொன்னதற்குத் தண்டனை என்று யாரும் எழுதவில்லை. நிர்வாக வசதிக்காக என்று எழுதியிருந்தது. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ள வந்தபோது, கோபப்படுவதா அழுவதா என்று மயிலாத்தாளுக்குத் தெரியவில்லை. மோர் கொடுத்து அனுப்பினாள். இனிமேல் கரட்டுப்பதிக்கு அந்த ஒருவரும் இல்லை.

கோடை விடுமுறை முழுவதும் அவள் வீடு வீடாகப் போய்ப் பெற்றவர்களிடம் பேசினாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. வேறெங்கிருந்தோ தற்காலிகமாக அனுப்பப்பட்ட ஒருவர் வந்து கதவைத் திறந்து, மணியடித்து, காத்திருந்தார். ஒரு பிள்ளையும் உள்ளே வரவில்லை. ஒரு குழந்தைகூடப் படிப்பை நிறுத்தாத பள்ளிக்கூடம் என்று மேடையில் புகழப்பட்ட பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

இரண்டாம் நாள் ஜீப் வந்தது. அதிகாரி இறங்கிப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே வாய்க்கால் கரையில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் குளித்து, தலை வாரி, மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு, தூறலில் கோணிச்சாக்கைத் தலையில் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு நடுவில், யாரும் கூப்பிடாமலே, சென்னிமலையும் உட்கார்ந்திருந்தான். விழாவில் கண்ட பெண்ணை அதிகாரிக்கு அடையாளம் தெரிந்தது. இது சட்டவிரோதம், கூட்டம் சேர்த்ததற்குக் கேஸ் போடமுடியும் என்று சத்தம் போட்டார்.

"கூட்டம் இல்லீங்க. எல்லாம் உங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க," என்றாள் மயிலாத்தாள். "வராத புள்ளை ஒண்ணுகூட இல்லை, எண்ணிப் பாருங்க. உள்ள போறதுக்குத் தமிழ் வாத்தியாரு மட்டும் வரோணும்."

அதிகாரி ஜீப்பில் ஏறினார். கேஸ் வரும் என்று ஊர் பயந்தது. சென்னிமலை ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. கேஸ் வரவில்லை. காலியான பள்ளிக்கூடம் என்று மேலே எழுதினால், மார்ச்சில் எழுதியது என்னாவது என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். ஆடி பிறப்பதற்குள் பூமாரி தற்காலிக டீச்சராக வந்து சேர்ந்தாள். முறைப்படிதான் வரவேண்டும் என்று சொல்லப்பட்ட அதே பூமாரி. பிறகு கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து இன்னொருவரும் வந்தார்.

நாலாம் வகுப்புப் பாஸாகியிருந்த சின்னத்தாயியை மயிலாத்தாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மறுபடி மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்தாள். தன்னைவிடச் சிறியவர்கள் நடுவில் உட்காருவது மகளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஆவணி முடியும்வரை அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மயிலாத்தாள் அதையும் பொறுத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் நெருக்கடி நிலை போய், புதிய அதிகாரி வந்து, மறுபடியும் வருஷக் கடைசியில் விழா வைத்தார்கள். இலாகாவின் இடைவிடாத முயற்சியால் எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் கிடைத்தார்கள் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தது. பூமாரி டீச்சர் அதை வாசித்துக் காட்டிவிட்டு, உங்களை மேடைக்குக் கூப்பிடச் சொன்னார்கள் என்றாள்.

மயிலாத்தாள் களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை. சின்னத்தாயியோடு படித்தவர்களில் அவளைப்போல் திரும்ப வந்து உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஈஸ்வரமூர்த்தி எவர் காட்டிலோ கமலை மாடு ஓட்டுகிறான். பழனாத்தாள் பருத்தி எடுக்கப் போகிறாள், கூலிக்குக் கைநாட்டு வைக்கிறாள். பாஸாகிப் போன பிள்ளைகள்.

"அந்த ரெண்டு வருசத்துக் கொழந்தைங்களுக்கு என்ன வழின்னு மொதல்ல சொல்லச் சொல்லுங்க டீச்சர்," என்றாள். "சொல்லிப்போட்டு அப்புறம் என்னையக் கூப்புடட்டும்."

அப்படியே பூமாரி எழுதி அனுப்பினாள். பதில் வரவில்லை. விழா வழக்கம்போல் சிறப்பாக நடந்தது என்று சென்னிமலை டீக்கடையில் கேட்டுவந்து சொன்னான். மயிலாத்தாள் அடுத்த பாத்திக்கு நகர்ந்து களையெடுத்தாள்.