பச்சைக் கோட்டுக்குக் கீழே நின்ற ஊசி

அந்தக் கருவி கைக்கு வரும்வரை என் காருக்கு ஒரு நோயும் இல்லை. நுவரெலியாவில் நான் வாடகைக்கு ஓட்டிய ஹயரிங் கார் அது. சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிரசவத்துக்குப் பெண்களை ஏற்றியிருக்கிறேன், மாப்பிள்ளைகளை ஏற்றியிருக்கிறேன், ஒருமுறை கோயில் கிடாயையும் ஏற்றினேன். சீட்டைக் குறை சொல்லாதது கிடாய் மட்டும்தான்.

கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் வேக்குவம் கேஜ் ஒன்றை வாங்கினேன். எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் அதன் ரப்பர் டியூபை மாட்டினால், உறிஞ்சும் பலத்தை ஊசி காட்டும். பச்சைக் கோட்டில் நின்றால் எஞ்சின் சுகம். கீழே நின்றால் உள்ளே தேய்ந்துவிட்டது என்றார் கடைக்காரர்.

வீடு வந்து மாட்டினேன். ஊசி பச்சைக்குக் கீழே ஆடாமல் நின்றது.

பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். காற்று எங்காவது கசிகிறதா என்று மூட்டுக்கு மூட்டு சவர்க்கார நுரை பூசினேன். எஞ்சின் குளித்து முடித்தது, ஊசி நகரவில்லை. கேஜை முன் கண்ணாடியோரம் கட்டிவைத்து, ரோட்டைப் பார்க்காமல் அதையே பார்த்து ஓட்டினேன்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?" என்றாள் மனைவி. "இதப் பாத்த பொறகுதான் அதுக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

"ஒனக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?"

"ஒன்னும் தெரியாதுங்க. பருப்பு இன்னும் வேகல. இந்தக் குளுரு மலையில என்னைக்குத்தான் சட்டுனு வெந்துச்சு?"

எஞ்சின் நின்றுபோவதற்குள் விற்றுவிடத் துடித்தேன். கம்பளையில் புடவைக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் நுவரெலியாவுக்கே வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார்.

"மறைக்க மாட்டேன் மொதலாளி, எஞ்சின் ரொம்ப நாள் தாங்காதுங்க."

"நல்லாத்தான் இழுக்குது. நீங்க வேணாங்கிறீங்க, எனக்கு வேணும்," என்றார். மலிவாக முடிந்தது.

வண்டியை ஒப்படைக்க மலையிறங்கி நானே ஓட்டிப்போனேன். பக்கத்தில் அவர். பாதி இறக்கத்தில், ரம்பொடையில் தேநீருக்கு நிறுத்தினேன். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்க, ஊசி முன்பைவிடச் சற்று மேலே நின்றது. கம்பளையில் கடை வாசலுக்கு வந்தபோது பச்சைக் கோட்டின் நடுவில், சப்பணம் போட்டு உட்கார்ந்ததுபோல நின்றது.

அப்போதுதான் உறைத்தது. கேஜில் கோடு போட்டவன் கடலோரக் காற்றுக்குப் போட்டிருக்கிறான். எங்கள் உயரத்தில் காற்றே மெலிசு. ஊசி ஏறாது, பருப்பும் வேகாது. பருப்புக்காக நான் அடுப்பை விற்கவில்லையே.

"மொதலாளி, வண்டி நல்லாத்தான் இருக்குங்க. திருப்பிக் குடுத்துருங்களேன்."

"அதைத்தானே அங்கயே சொன்னேன்," என்று சிரித்தார். சாவிக்கு நீட்டிய கையை மடக்கவில்லை. கேஜைக் கழற்றி என் மடியில் வைத்தார். "இது உங்களுக்குத்தான் பழக்கம்."

அதன் பிறகு இன்னொருவர் காருக்குச் சம்பள டிரைவரானேன். அடுத்த சுற்றுலா சீசனில் என் பழைய வண்டி, ஆட்கள் நெருக்கியடிக்க, பெட்டிகள் கூரையில் குலுங்க, நுவரெலியா ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போனது. ஓரம் ஒதுங்கி வழிவிட்டேன். எஞ்சினில் ஒரு இருமல்கூட இல்லை.