சாயப்பட்டறை லீவில் வந்த தண்ணீர்

பொங்கல் விடுமுறையில் ஊர் சுற்றுவதற்குப் பதிலாக யாருக்காவது உபயோகமாக ஏதாவது செய்யலாம் என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு யோசியுங்கள். நானும் அப்படி யோசித்துத்தான் போனேன். 2006 பொங்கல் சனிக்கிழமை வந்தது. முன்னால் ஒரு நாளும் பின்னால் இரண்டு நாளும் விடுப்பு போட்டால் ஐந்து நாள் கையில் இருந்தது. அலுவலகத்தில் மற்றவர்கள் மூணாறு கிளம்பினார்கள். எனக்கு மூணாறு குளிர் ஒத்துக்கொள்ளாது, அவர்களுடைய சீட்டுக்கட்டு அதைவிட ஒத்துக்கொள்ளாது. அந்த நேரம் பார்த்து மின்னஞ்சல் மடற்குழு ஒன்றில் ஓர் அழைப்பு வந்தது: திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் கரைக் கிராமங்களுக்கு நான்கு நாள் குடிநீர் கொடுக்கிறோம், தன்னார்வலர்கள் வேண்டும். புண்ணியமும் ஆச்சு, பதிவு எழுத விஷயமும் ஆச்சு என்று பெயர் கொடுத்தேன். அமைப்பின் பெயரையும் கிராமத்தின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை.

வியாழன் இரவு பத்து மணி வாக்கில் சென்ட்ரலில் கோவை ரயில். படுக்கை வசதிக்கு இருநூற்றுச் சொச்சம் ரூபாய். விடியற்காலை ஐந்தரைக்குத் திருப்பூர். நாங்கள் இறங்கிய நடைமேடையில் தெற்கே போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு நின்றிருந்தார்கள். மதுரை, விருதுநகர், நெல்லையிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள், குழந்தைகளுக்குப் புதுத்துணி மாட்டியே கூட்டிவந்திருந்தார்கள். ஸ்டேஷனுக்கு எதிரே விடுதி அறை ஒரு நாளைக்கு இருநூறு ரூபாய். மற்ற நாளில் திருப்பூரில் இந்த விலைக்கு அறை கிடைக்காது என்று விடுதிக்காரர் சொன்னார். தையல் மெஷின் சத்தம் கேட்காத திருப்பூரை நீங்கள் பார்க்க வேண்டுமென்றால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் பார்க்க முடியும்.

எங்கள் குழுவில் ஒன்பது பேர், எல்லாரும் சென்னை. தலைமை கார்த்திகேயன் என்ற மென்பொருள்காரர். காலையில் நேரத்துக்கு எழுவார், யாரிடமும் காசு விஷயத்தில் ஏமாற்ற மாட்டார், வாய் ஓயாது. தண்ணீர் லாரி பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும். பொங்கலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, காங்கேயம் சாலையில் ஏறி, அங்கிருந்து ஆற்றங்கரைக்கு உள்ளே போக வேண்டும். ஒரு நடைக்கு முப்பது கிலோமீட்டர். தனியாகப் போகிறவர்களுக்குத் திருப்பூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு, ஏழு ரூபாய், ஒரு மணி நேரம், நிறுத்தத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடை.

நான் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். டிரைவர் முருகேசன் சங்கரன்கோவில்காரர். பண்டிகைக்கு ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "எங்க அண்ணாச்சி போக? மொதலாளி தர்ம காரியம்னுட்டாரு. மறுத்துப் பேச முடியுமா?" என்றார். லாரியின் பக்கவாட்டில் தர்மவான்களின் பொங்கல் வாழ்த்துப் பேனர் கட்டியிருந்தது. தண்ணீர் பிடிக்கும் குழாயைவிடப் பேனரைத்தான் கார்த்தி அதிக நேரம் சரிசெய்தார்.

ஆற்றைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. பாலத்தில் நின்றால் நீங்களே பார்ப்பீர்கள், அதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். மேலே சாயப்பட்டறைகள் விட்ட தண்ணீர் கறுப்பும் சிவப்பும் கலந்து நுரையோடு போகிறது. அது கரையோரக் கிணறுகளிலும் இறங்கிவிட்டது. தென்னை மரங்களில் மட்டைகள் தொங்கிக் கிடந்தன. ஊருக்குள் வீட்டுக்கு வீடு வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் கூரையில் செருகிக் காப்புக் கட்டியிருந்தார்கள். பண்டிகை செய்கிற ஊர்தான், ஆனால் குடத்தோடு லாரிக்கு ஓடிவந்தவர்களின் முகத்தில் பண்டிகையைக் காணவில்லை.

வீட்டுக்கு ஐந்து குடம் என்று கணக்கு. கடைசி வீடு செல்லமுத்துவுடையது. அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், மனைவி ராமாத்தாளுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஐந்து ஏக்கரும் உப்புப் பூத்துக் கிடக்கிறது. இரண்டு பேருக்கு ஐந்து குடம் தாராளம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ராமாத்தாள் முதல் இரண்டு குடத்தை நேராகக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினார். அங்கே ஒரு காங்கேயம் பசு கட்டியிருந்தது. நிறைசினை. ஊற்றி முடிக்கும் முன்பே மூஞ்சியைத் தொட்டிக்குள் விட்டுவிட்டது.

"கெணத்துத் தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுங்க. பசி தாங்குது, தாகம் தாங்கறதில்லீங்க" என்றார் செல்லமுத்து. பஞ்சாயத்துக் குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். ஆளுக்கே பற்றாது. ஏழு உருப்படி இருந்த பட்டியில் ஆறை விற்றாகிவிட்டது. இதையும் கேட்டு ஒரு வியாபாரி செவ்வாய்க்கிழமை வருகிறாராம். கன்று போட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

"தம்பி, உங்க லாரி வாரத்துக்கு ரெண்டு நடை வந்தாப் போதுமுங்க. மாசி வரைக்கும் வந்தா, கன்னு போட்டுருமுங்க. அப்பறம் என்னமோ பண்ணிக்கறோம். உங்க பெரியவருகிட்டக் கொஞ்சஞ் சொல்லுங்க" என்றார். பெரியவர் என்று அவர் சொன்னது இருபத்தெட்டு வயதுக் கார்த்தியை. நான் உடனே போய்ச் சொன்னேன். "லாரி குடுத்த ஸ்பான்சர்கிட்டப் பேசிப் பாக்கறேன் பாஸ்" என்றார் கார்த்தி. நானும் அதை அப்படியே நம்பிப் போய்ச் செல்லமுத்துவிடம் சொன்னேன். அவர் ராமாத்தாளைக் கூப்பிட்டு, "கேட்டியா, லாரிக்குப் பேசறாங்களாம்" என்றார். அந்தம்மா மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சனிக்கிழமையும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் நான் போய் நிற்பதற்கு முன்பே அவர்கள் இருவரும் வாசலில் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுப் பொங்கல். கொங்குப் பக்கத்தில் இதைத்தான் பெரிதாகச் செய்கிறார்கள், பட்டிப் பொங்கல் என்கிறார்கள். மாடு கட்டும் இடத்திலேயே அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். பக்கத்தில் ஒரு முழ நீள அகலத்துக்குச் சதுரமாகப் பாத்தி கட்டி, சாணியால் மெழுகி, தண்ணீர் நிரப்பிப் பூப்போட்டு வைக்கிறார்கள். அதற்குத் தெப்பக்குளம் என்று பெயர். பூசை முடிந்ததும் மாடுகளை அதைத் தாண்ட விடுவார்கள். பட்டி பெருக வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். நீங்கள் போனால் இதை அவசியம் பாருங்கள், மாலை நான்கு மணிக்கு மேல்தான் நடக்கும்.

எங்கள் ஆட்கள் கேமராவோடு வந்து சேர்ந்த நேரத்தில் செல்லமுத்து லாரித் தண்ணீரில் இரண்டு குடத்தைத் தெப்பக்குளத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கார்த்திக்கு முகம் மாறிவிட்டது.

"என்ன சார் இது? குடிக்கக் குடுத்த தண்ணிய மண்ணுல ஊத்தறீங்க?"

"சாங்கியமுங்க" என்றார் செல்லமுத்து. "வருசத்துக்கு ஒருக்கா செய்யறதுங்க."

"அதுக்கு உங்க கெணத்துத் தண்ணி பத்தாதா?"

செல்லமுத்து குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார். "அந்தத் தண்ணில சாமிக்குச் செய்ய மனசு வரலீங்க" என்றார். ராமாத்தாள் கற்பூரம் காட்டி, மாட்டுக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் ஆவாரம்பூ மாலை போட்டு அவிழ்த்துவிட்டார். மாடு தெப்பக்குளம் வரை வந்தது. தாண்டவில்லை. குனிந்து பூவை மூக்கால் ஒதுக்கிவிட்டுக் குடிக்க ஆரம்பித்தது. செல்லமுத்து கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்தார், "ஹை" என்றார். அது நகரவில்லை. மெழுகிய தரை தெரிகிற வரைக்கும் குடித்தது. அதன் பிறகு ஈரத்தை நக்கியது. ராமாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். அந்த இடத்தில் நிற்கவே வெட்கமாக இருந்தது, எதற்கு என்றுதான் தெரியவில்லை.

வெளியே வந்ததும் கார்த்தி, "இதுக்குத்தான் எக்ஸ்ட்ரா நடை கேட்டாங்களா? அடுத்த ஊர்ல குடிக்கத் தண்ணியில்லாம க்யூவுல நிக்கறாங்க" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒரு சொட்டாவது மண்ணுக்குப் போனதா, கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று நடுத்தெருவில் கத்தினேன். அவரும் கத்தினார். ஊரே கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தது. ஸ்பான்சரிடம் பேசினாயா இல்லையா என்று கேட்டதற்கு, பேசினேன், பதில் வரவில்லை என்றார்.

சண்டையை விலக்கியது முருகேசன்தான். என்னை லாரிக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"எதுக்கு அண்ணாச்சி வீணாச் சண்ட போடுதீய? அவரு பேசுனாலும் ஒண்ணுதான், பேசாட்டாலும் ஒண்ணுதான். இது பட்டறை வண்டில்லா. தெனமும் பத்து நடை இதே போர்த் தண்ணியத்தான் சாயம் போடக் கொண்டுபோயிக் கொட்டுதேன். இப்ப பட்டறைக்கு லீவு, வண்டி சும்மா நிக்கி, அதான் தர்மத்துக்கு விட்டாரு. செவ்வாக்கெழம பட்டறை தொறந்துருவாவ."

அதுவரை எல்லாத் தப்பையும் கார்த்தியின் தலையில் போட்டுக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். நல்ல தண்ணீர் பட்டறைக்குப் போகிறது, பட்டறையிலிருந்து ஆற்றுக்கு வருகிறது, ஆற்றிலிருந்து செல்லமுத்துவின் கிணற்றுக்கு வருகிறது. நடுவில் நான்கு நாள் நாங்கள் ஒன்பது பேர் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு குழாய் பிடித்தோம். அந்த டி-ஷர்ட்டும் அங்கே சாயம் போட்டதுதான். முருகேசனிடம் கோபப்பட ஒன்றுமில்லை, அந்த முதலாளியை நான் பார்த்ததும் இல்லை. இன்று வரைக்கும் யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை கடைசி நடை. குழுப்படம் எடுத்தார்கள், நான் நிற்கவில்லை. லாரி இனி வராது என்று செல்லமுத்துவிடம் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்தது. கார்த்தி சொல்ல மறுத்துவிட்டார். "செரிங்க" என்றார் செல்லமுத்து. கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை இரவுதான் எனக்கு ரயில். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அறையில் இருப்புக் கொள்ளாமல் காலை ஒன்பது மணிக்கு டவுன் பஸ் ஏறினேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வரும்போது எதிரே முருகேசனின் லாரி, பேனர் இல்லாமல், தண்ணீர் சிந்திக்கொண்டு பட்டறைத் தெருவுக்குள் திரும்பியது. அவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

நான் போய்ச் சேரும்போது செல்லமுத்து வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. பலகையைச் சாய்த்து வைத்து மாட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிறைசினை மாடு, ஏற முடியாமல் முன்னங்காலை மடக்கி மடக்கி நின்றது. கடைசியில் செல்லமுத்து தானே முன்னால் ஏறி நின்று கூப்பிட்டார், அவர் குரலுக்கு ஏறிவிட்டது. பொள்ளாச்சிச் சந்தைக்கு என்றார் வியாபாரி. அங்கிருந்து எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வேன் போனதும் செல்லமுத்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

ராமாத்தாள் உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் வேண்டாம் என்றேன்.

"குடிங்க கண்ணு, வெயில்ல நடந்து வந்திருக்கறீங்க. உப்புத் தண்ணி இல்லீங்க, நேத்து நீங்க ஊத்துனதுதான். இனி எங்களுக்கு மிச்சந்தானுங்க."

வாங்கிக் குடித்தேன். நல்ல தண்ணீர்தான். அன்று இரவு ரயிலேறிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பொங்கலுக்குப் போகாதீர்கள், அப்போது உதவி செய்ய எல்லாரும் இருக்கிறார்கள். பட்டறைகள் ஓடுகிற சாதாரண மாதத்தில் போங்கள். யாராவது லாரி கொடுத்தால் லீவு முடிந்ததும் வருமா என்று முதலிலேயே கேளுங்கள். தெரியாத விஷயத்துக்கு நம்பிக்கை கொடுக்காதீர்கள். வீட்டுக்கு எத்தனை பேர் என்று எண்ணும்போது மாட்டையும் சேர்த்து எண்ணுங்கள். வழியில் கடை கிடையாது, குடிக்கத் தண்ணீர் திருப்பூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஊரில் எந்த வீட்டிலும் தாகம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கொடுத்துவிடுவார்கள்.