செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் சென்னம்மாளுடையது

கெலமங்கலத்துக்குக் கிழக்கே, கல்லுமேட்டில் சென்னம்மாள் இருந்தாள். இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்வாள். நாலு பேர் முன்னால் நின்றால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அது பிறவிக் குணம், குற்றமில்லை. அதை வைத்து ஒருவன் அவள் வயிற்றில் அடித்தானே, அதுதான் குற்றம்.

அந்த ஒருவன் ராமப்பன், அவள் புருஷனுக்கு அண்ணன். கிணறு இரண்டு பேரும் சேர்ந்து வெட்டியது. செவ்வாய்க்கிழமை மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் முறை தம்பி வீட்டுக்கு. தம்பி செத்ததும் ராமப்பன் அதையும் எடுத்துக்கொண்டான். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது.

"சொல்லும்மா, உன் பங்கு என்ன?" என்றார் ஊர்க்கவுண்டர்.

வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"வாயே இல்லாதவளுக்குத் தண்ணி எதுக்குங்க?" என்றான் ராமப்பன். ஊரே சிரித்தது. பேசாதவள் ஒத்துக்கொண்டாள் என்று தீர்ப்பாகிவிட்டது. மிளகாய்ச் செடி நின்ற நிலையில் கருகியது.

அதற்கப்புறம் ராகி அரைக்கும்போதெல்லாம் கல்லோடு சேர்ந்து அவள் வாயும் சுற்றும். "ராமப்பன் நாசமாப் போவணும். நான் பயப்படக் கூடாது. நாக்கு ஒட்டக் கூடாது." சொல்லச் சொல்லப் பயம் கூடியது. ராமப்பனோ நன்றாகக் கொழுத்தான்.

ஒருநாள் இளங்காளையை வண்டிக்குப் பழக்கினாள். அது மிரண்டு இழுத்தது. "ஓடாதே! முட்டாதே! மிரளாதே!" என்று கத்தினாள். அது இன்னும் ஓடியது. பக்கத்து வயல்காட்டு முனிலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏக்கா, செய்யக் கூடாததையே கத்துனா, என்ன செய்யணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? நில்லுன்னு சொல்லேன்!"

"நில்லு" என்றாள் சென்னம்மாள். காளை நின்றது. அவளும் நின்றுவிட்டாள்.

மறுநாள் அரைக்கும்போது பேச்சை மாற்றினாள். பகை மாறவில்லை, பேச்சுத்தான் மாறியது. அவன் பெயரை எடுத்தாள், தன் பெயரை வைத்தாள். பயத்தை எடுத்தாள். போவணும், கூடாது என்பதையும் எடுத்தாள். "சென்னம்மாள் பேசறா. செவ்வாக்கிழமைத் தண்ணி சென்னம்மாளுது." அவ்வளவுதான். மாவு அரைபடுகிற மாதிரி மெதுவாக, நினைப்பில்லாமலே உள்ளே இறங்குகிற வரைக்கும் சொன்னாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற வார்த்தை இப்படித்தான் இருக்க வேண்டும்; வேறு மாதிரி சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்த கோடையில் அவளே ஊரைக் கூட்டினாள். கோயில் முன்னால் எழுந்து நின்றாள். வாய் தானாகவே பேசியது.

"கெணறு வெட்டயில மண்ணு சுமந்தவ நானு. பாத்தவங்க இங்கேயே இருக்கீங்க. செவ்வாக்கிழமைத் தண்ணி சென்னம்மாளுது."

பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். ராமப்பன் எழுந்தான். "சரி, இனிமே தடுக்க மாட்டேன்."

"அப்படிச் சொன்னா தடுக்கறதுதான் உங்க மனசுல நிக்கும் மாமா. நான் சொன்னதைச் சொல்லுங்க. வாராவாரம் கெணத்துமேட்டுல நின்னு, எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க. எனக்கு வேற அபராதம் வேணாம்."

கவுண்டர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

வாரம் தவறாமல் அவன் சொன்னான். முதலில் பல்லைக் கடித்தான், பிறகு முணுமுணுத்தான், பிறகு பழகிவிட்டது. தை மாசம் அவன் பெண்டாட்டி வெங்கடம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள்.

"அடி சென்னி, மத்தியானம் கண்ணசந்தாக்கூட உங்க மாமா 'தண்ணி சென்னம்மாளுது'ன்னு உளர்றாரு! என்னடி செஞ்ச?"

சென்னம்மாள் மிளகாய் பறிப்பதை நிறுத்தவில்லை.

"எழுப்பாதீங்கக்கா," என்றாள். "நல்லா உள்ள இறங்கட்டும்."