ஊமைப் படத்துக்கு அம்மாவின் குரல்

சேலத்துக் கொட்டகையில் நேற்று நானும் அம்மாவும் பேசும் படம் பார்த்தோம். வேலைக்காரனாக வந்தவன் "வாரேனுங்க" என்றான், கொட்டகையே சிரித்தது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டுப் பேச்சே அதுதான். எனக்குச் சுருக்கென்றது. கூடவே எங்கள் ஊர் மல்லசமுத்திரம் சந்தைத் திடலின் ஈர மணல் வாசனையும் வந்தது.

அங்கே கூடாரம் போட்டு ஊமைப் படம் காட்டியபோது எனக்கு எட்டு வயது. திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஒருவர் பட்டணத்திலிருந்து வந்திருந்தார். "நங்கையவள் நாயகனைக் காணாது நலிவுற்றாள்" என்பார். பெண்கள் பக்கம் கடலைக்காய் உரிக்கும் சத்தம்தான் கேட்கும். அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம், "புருசன் இன்னும் ஊடு வந்து சேரலீங்க. அந்தப் புள்ள சோறு திங்காம காத்துக் கெடக்குது" என்றாள். கடலை உரிப்பது நின்றது.

கதை சொல்பவர் படத்தை நிறுத்தச் சொன்னார். "யார் அது, பட்டிக்காட்டுப் பேச்சு? வாயை மூடு!"

அம்மா எழுந்து நின்றாள். "நீங்க சொல்றது வெளங்கியிருந்தா நா ஏனுங்க வாயத் தொறக்கறேன்?"

மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் கத்தினார்கள்: "அந்தக்காவே சொல்லட்டுமுங்க!"

முழுக் கதையையும் அம்மாதான் சொன்னாள். முடிவில் பெண்கள் பக்கம் ஒரே அழுகை, ஆண்கள் பக்கமும்தான். மறுநாள் கூடாரக்காரர் எங்கள் வாசலுக்கு மாட்டுவண்டி அனுப்பினார். படம் ஊரை விட்டுப் போகும்வரை தினமும் வண்டி வந்தது.

நேற்றுச் சிரிப்பு அடங்கியதும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். திரையில் கதாநாயகி செந்தமிழைப் பொழிந்துகொண்டிருந்தாள். அம்மா முன்வரிசைப் பெண்கள் பக்கம் குனிந்து, "அது ஒண்ணுமில்லீங்க..." என்று தொடங்கியிருந்தாள். படம் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. நான்கு தலைகள் திரையை விட்டு அம்மா பக்கம் திரும்பியிருந்தன.