அறுபது எண்ணிய குடம்

எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடும் வேலை என் தாய்மாமாவுடையது. தொட்டியை ஒட்டியே எங்கள் தெரு. அதனால் எங்கள் குழாயில் தண்ணீர் பீறிடும். நடுத்தெருவில் சுமாராக வரும். கடைசித் தெருவில் சொட்டும். ஒருநாள் கடைசித் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு மாமாவின் சைக்கிளை மறித்துக்கொண்டார்கள்.

"காவேரித் தண்ணிதான் கடைமடைக்கு வரல. கொழாத் தண்ணியும் அப்படித்தானாண்ணே?" என்றாள் ஒருத்தி. "ரெண்டு நாள்ல வரலேன்னா மெயின் ரோட்டுல உக்காந்துருவோம்."

மாமா மறுநாள் ஒரே அளவில் மூன்று பிளாஸ்டிக் குடங்களைக் கொண்டுவந்து, தெருவுக்கு ஒரு பிள்ளையைக் குழாயடியில் நிறுத்தினார். எங்கள் தெருவுக்கு நான். குடம் நிரம்பும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். அவர் சைக்கிளில் வந்து கேட்டுக்கொண்டு போய், அந்தந்தத் தெருவின் வால்வைக் கொஞ்சம் திருகுவார். ஒன்றை இறுக்கினால் மற்ற இரண்டு தெருவிலும் வரத்து மாறிவிடும். மறுபடி மூன்று தெருவையும் சுற்ற வேண்டும். அந்த வெயிலில் எத்தனை முறை சுற்றினாரோ, ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

நான் அதைப் பந்தயம் என்று நினைத்துவிட்டேன். எந்தக் குடம் சீக்கிரம் நிரம்புகிறதோ அந்தத் தெருவுக்கு ஜெயம். அதனால் எண்ணிக்கை ஏறாமலிருக்க இழுத்து இழுத்து எண்ணினேன். முப்பது என்றேன், மாமா எங்கள் வால்வை இறுக்கினார். இன்னும் இழுத்து எண்ணினேன், இன்னும் இறுக்கினார். சாய்ந்தரம் மூன்று தெருவிலும் அறுபது வந்தது. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலை கடைசித் தெருவில் குடங்கள் நிரம்பி வழிந்தன. எங்கள் குழாயில் நூல்போல ஒழுகியது. அம்மா தன் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் தண்ணி விடு தம்பி. அக்கா எச்சியத் துப்பிக் கொழம்பு வச்சிக்கிறேன்."

மாமா குடத்தை வைத்து, தானே எண்ணினார். அறுபது சொன்னபோது குடம் பாதிதான் நிரம்பியிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"மாப்ள, அடுத்த தடவ கொஞ்சம் வேகமா எண்ணு" என்றார். அவ்வளவுதான். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் போய், எங்கள் வால்வை அரைச் சுற்றுத் திறந்தார். பிறகு மூன்று குடங்களையும் மறுபடி வைத்து, இந்த முறை ஒவ்வொரு குழாயடியிலும் தானே நின்று எண்ணினார்.

அதற்குப் பிறகு எந்தத் தெருக் குடமும் முந்தவில்லை, பிந்தவில்லை. பெண்களும் சைக்கிளை மறிக்கவில்லை. எனக்குத்தான் மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு நாள் அலைந்தும் ஒரு தெருவைக்கூட ஜெயிக்கவைக்க அவருக்குத் தெரியவில்லையே என்று.