காப்பி மணியும் இரண்டு கத்திகளும்

வடகோடிப் பனிக்கடலில் இருக்கும் வார்டோ தீவின் மீன் கூடத்தில் நாற்பத்தோரு வருடம் காட் மீன் அறுத்தவள் நான், போர்கில்ட். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் எந்த எஃகு எவ்வளவு நேரம் கூர் தாங்கும் என்று இந்தக் கரையில் சந்தேகம் வந்தால், இன்றைக்கும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். பெருமை பேசுகிறாள் என்பவர்கள் பேசிக்கொள்ளட்டும். பெருமைதான்.

அறுக்கும் மேசையில் முதல் இடம் என்னுடையது. ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடம். மீன் முதலில் வரும் இடம். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. பதினாறு வயதில் கடைசி ஆளாக நின்று, முன்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கைவேகத்தில் தாண்டிப் பிடித்தது.

எனக்கு நாற்பத்தெட்டு வயது நடந்த குளிர்காலத்தில், கூடத்து மேற்பார்வையாளன் டோர்ஃபின் நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே வகைக் கத்தி வாங்கத் தீர்மானித்தான். தெற்கிலிருந்து ஹால்வார் என்ற பொறியாளர் இரண்டு கத்திகளோடும் ஒரு சுருள் சணல் கயிற்றோடும் வந்தார். ஒன்று கார்பன் எஃகு, மற்றது துருப்பிடிக்காத எஃகு. இரண்டாலும் கயிற்றை வெட்டி வெட்டி எண்ணினார். மழுங்குவதற்குள் கார்பன் கத்தி இருநூற்றுப் பத்து துண்டு போட்டது. மற்றது நூற்று முப்பதில் நின்றுவிட்டது. எல்லோரும் கார்பன் பக்கம் சாய்ந்தார்கள். வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நான்.

"ஏன் போர்கில்ட், கயிறு பொய்யா சொல்லுது?" என்றான் டோர்ஃபின்.

"கயிறு பொய் சொல்லாதுப்பா. நாம கயிறா விக்கிறோம்? மீன்ல வெச்சுப் பாரு."

"தோத்துட்டா?"

"என் இடம் ஒட்னிக்கு. நான் கடைசியில போய் நிக்கிறேன்."

பதினொரு வருடமாக இரண்டாவது இடத்தில் நின்று என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒட்னி. "எழுதிக் குடுத்துடு. அப்புறம் வயசாயிடுச்சு, மறந்துபோச்சுன்னு சொல்லக் கூடாது" என்றாள். கூடமே சிரித்தது.

மறுநாள் காலை போட்டி. ஒட்னி கையில் கார்பன், என் கையில் மற்றது. சாயங்காலம் வரை தீட்டக் கூடாது. மணி அடித்தால் தினமும் செய்வதையே செய்ய வேண்டும். ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் தொங்கவிட்ட செய்தித்தாள் துண்டை அறுத்துக் காட்ட வேண்டும். இதெல்லாம் நான் போட்ட நிபந்தனை. பொறியாளர் தலையாட்டினார்.

காலையில் ஒட்னியின் கத்தி வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. என்னுடையது சற்று இழுத்தது. பயமில்லை என்று சொன்னால் பொய். முதல் காப்பி மணி அடித்ததும் வழக்கம்போல எல்லோரும் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கத்தியைப் பலகையில் போட்டுவிட்டு ஓடினோம். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிள் ரொட்டியை அன்றைக்குத்தான் பாதியிலேயே வைத்துவிட்டேன். திரும்பி வந்து அறுத்தபோதும் ஒட்னியின் காகிதம்தான் சுத்தமாக விழுந்தது. அவள் என் இடத்தை அளப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கத்தி காகிதத்தில் ஓரிடத்தில் தடுக்கியது. மூன்றாவது இடைவேளைக்குப் பிறகு அறுக்கவே இல்லை, கிழித்தது. என் கத்தி காலையில் அறுத்தது மாதிரியே அறுத்தது.

ஹால்வார் ஒட்னியின் கத்தியை வாங்கி ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். கூர் விளிம்பு நெடுக ஆரஞ்சுப் புள்ளிகள். மீன் மழுக்கவில்லை. நாங்கள் காப்பி குடித்த நேரத்தில் உப்பு தின்றிருக்கிறது.

"அப்ப இடைவேளைல துடைச்சு வெச்சா போதுமே" என்றார்.

"மணி அடிச்சா நாப்பத்திரண்டு பேரும் ஒரே கதவுல முட்டிக்கிட்டு ஓடுறோம். நின்னு துடைக்கிற ஒருத்தியக் காட்டுங்க, நானே கடைசிக்குப் போறேன்."

அவர் சிரித்துவிட்டார். இதை எங்கே கற்றேன் என்று கேட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்குக் கடைவாய்ப் பல்வலி. சூடாக எதுவும் வாயில் வைக்க முடியாமல், மணி அடித்தும் போகாமல் அறுத்துக்கொண்டே இருந்தேன். அதுவரை நானும் கார்பன் கத்திக்காரிதான். சாயங்காலம் மழுங்கினால் என் கைதான் தளர்ந்துவிட்டது என்று நினைப்பேன். அன்று சாயங்காலம் வரை கத்தி மழுங்கவே இல்லை. அப்போது புரிந்தது, தளர்ந்தது கை இல்லை என்று. இதைச் சொன்னதும் அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். ஐந்தாம் வகுப்புக்காரி சொல்ல, பொறியாளர் எழுதினார்.

டோர்ஃபின் அன்றே நாற்பத்திரண்டு துருப்பிடிக்காத கத்திக்குச் சொல்லி அனுப்பினான். ஒட்னி ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே, "அந்தப் பல்லப் பிடுங்கிட்டியா, இன்னும் வெச்சிருக்கியா?" என்றாள்.

"பிடுங்கியாச்சு. ஏன்?"

"எனக்கும் ஒரு வலி வரணும் போலிருக்கே, முதல் இடத்துக்கு வர."

மறுநாள் காலை முதல் மீன் என் முன்னால்தான் வந்து விழுந்தது. அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அப்படியே விழுந்தது.